இந்தியா இ-விசா: நம்மவர்களுக்குச் சிக்கும் இடங்கள் (மலேசியா, சுங்கை சிப்புட் வட்டாரத்தார் கவனத்துக்கு)

இந்தியா போக இணையத்தில் எடுக்கும் விசாதான் இ-விசா. அதற்கான பாரத்தில் (படிவத்தில்) முதலில் சிக்குவது பெயர்தான். மலேசியக் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) ‘ராமன் ஏ/எல் முனியாண்டி’ என்று ஒரே வரியில்தான் பெயர் இருக்கும்; ஏ/எல் என்றால் ‘மகன்’. இந்திய பாரமோ ‘சர்நேம்’ (குடும்பப் பெயர்), ‘கிவன் நேம்’ (இட்ட பெயர்) என்று இரண்டு கட்டம் கேட்கும். முழுப் பெயரையும் ‘கிவன் நேம்’ கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடுவதே நல்லது. சாய்கோட்டுக்குக் குழம்ப வேண்டாம். படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பாருங்கள். அங்கே சாய்கோடே கிடையாது. ஏ-க்கும் எல்-லுக்கும் நடுவே ‘<’ குறிதான். குடிநுழைவுக் கவுண்டரில் இயந்திரம் படிப்பது அந்த வரியைத்தான். அதனால் ஏ, ஓர் இடைவெளி, எல். பெண்களுக்கு (ஏ/பி, அதாவது ‘மகள்’) ஏ, ஓர் இடைவெளி, பி. ‘சன் ஆஃப்’, ‘டாட்டர் ஆஃப்’ என்று மாற்றவே மாற்றாதீர்கள்.

கடப்பிதழ் எண்ணில் பூஜ்யத்தை ‘ஓ’ என்று தட்டிவிடுவதும் நடக்கிறது. எண் மாறினால் அந்த விசா உங்களுடையது இல்லை. திரும்ப மனுச் செய்யவேண்டும், கட்டிய பணமும் வராது.

— — —

பெயர், எண் பற்றி மேலே அக்கா எழுதியதோடு படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் படக்கடையில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்றால் நீளவாக்கில் 35-க்கு 50 மில்லிமீட்டர் கொடுப்பார்கள், சில கடைகளில் நீலப் பின்னணியும் வரும். இ-விசாவுக்குச் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஓரக்கோடு இல்லாமல். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டால் தோள் பின்னணியோடு கரைந்துபோகும். கோப்பு ஜேபெக், 10 கேபி முதல் 1 எம்பி வரை.

கடப்பிதழ்ப் பக்கம் பிடிஎஃப், 300 கேபிக்குள். கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பளபளப்பான பக்கத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து எழுத்தை மறைக்கும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். அடியிலுள்ள இரண்டு வரியும் வெட்டுப்படக்கூடாது.

— — —

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் பிறந்து, சிவப்பு ஐசி (மலேசிய நிரந்தரவாசி அட்டை) வைத்திருந்து, பிறகு நீல ஐசி (குடிமக்கள் அட்டை) எடுத்தவர்கள் ‘குடியுரிமை எப்படி வந்தது’ என்ற கேள்விக்குப் ‘பிறப்பால்’ என்று போடக்கூடாது. முன்பு இந்தியக் குடிமகனாக இருந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ், தனி மனு.

‘டாட் கவ் டாட் இன்’ (.gov.in) என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன. முதல் பக்கம் முடிந்ததும் வரும் தற்காலிக எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள். இணைய லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் வழி. கார்டில் பணம் பிடித்தும் நிலை மாறவில்லையென்றால் 4 மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டு இரண்டாவது மனுப் போட்டால் இரண்டு முறை பணம் போகும்.

30 நாள் விசாவில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது உள்ளே நுழையக் கடைசித் தேதி. தங்கும் 30 நாள், திருச்சியிலோ சென்னையிலோ இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். ஓராண்டு விசா அப்படி இல்லை. அனுமதி கிடைத்த நாளிலேயே கணக்கு தொடங்கிவிடும். இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும், அதில் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கவேண்டும். அனுமதிக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். பெரியவர்களின் கைப்பையில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.