மெட்ராஸ் லா ஜர்னல் பழைய தொகுதிகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. சட்ட முதுகலை படிக்கிறேன். இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றி 1920களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள்தான் என் ஆய்வு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் என்றால் கவலையில்லை, 1950 முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். எனக்கு வேண்டியது அதற்கு முந்தையவை.

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இதழ், 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், எங்கள் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தில் இருக்கிறது. ஆனால் நான் தேடும் தொகுதிகளில் பல பக்கங்களே இல்லை, மீதி தொட்டாலே பொடியாகிறது. நூலகர் அக்கா பாவம், நூலகங்கள் தங்களுக்குள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பு வழியாக மற்ற நூலகங்களிடமும் கேட்டுப் பார்த்தார். இன்னும் பதில் இல்லை.

உங்கள் ஊர்ச் சட்டக் கல்லூரியிலோ வக்கீல் சங்க நூலகத்திலோ 1921 முதல் 1929 வரையிலான தொகுதிகள் இருக்கின்றனவா? வெளியாட்களை விடுவார்களா, அறிமுகக் கடிதம் வேண்டுமா? வக்கீல் தாத்தாவின் பழைய அலமாரி வீட்டில் இருந்தாலும் சொல்லுங்கள். நானே வந்து, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன்.