கரடி முடி மாதிரிகள்: ஒரே ஒரு லோகஸில் (டிஎன்ஏவில் ஒப்பிடும் இடத்தில்) வேறுபட்டால் தனி விலங்கா?

கேள்வி (தடம்தேடி):
கரடிக் கணக்கெடுப்புக்கு முள்கம்பி வளையம் கட்டி முடி சேகரிக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் வைக்கிறோம். பாதிக்கு மேல் பிசிஆரில் (டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருகவே இல்லை. தேறியவற்றை 8 மைக்ரோசாட்டிலைட் லோகஸ்களில் (டிஎன்ஏவில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும், விலங்குக்கு விலங்கு நீளம் மாறக்கூடிய இடங்கள்) ஒப்பிட்டால், ஒன்றில் மட்டும் மாறுபடும் ஜோடிகள் நிறைய. தனித்தனிக் கரடிகளாக எண்ணலாமா?

பதில் 1 (அல்லீல்):
இப்போதைக்கு எண்ணாதீர்கள். ஒவ்வொரு லோகஸிலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு அல்லீல் (அந்த இடத்தின் வடிவம்) இருக்கும், அவற்றை நீள எண்ணால் குறிக்கிறோம். மாறுபடும் இடத்தில் ஒரு மாதிரி 182/190, மற்றது 182/182 என்று இருக்கிறதா? அப்படியானால் இரண்டாவதில் 190 விடுபட்டுப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். முடிவேரில் டிஎன்ஏ மிகக் குறைவு. பிசிஆரின் தொடக்கச் சுற்றுகளில் ஓர் அல்லீல் மட்டும் பெருகிவிட்டால் மற்றது கண்ணிலேயே படாது.

அந்த லோகஸை இரு மாதிரியிலும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு அல்லீல் தெரிந்தால் இருமுறையும், ஒன்றே தெரிந்தால் குறைந்தது மூன்று முறையும் அதே முடிவு வர வேண்டும். இரண்டு லோகஸில் மாறுபடும் ஜோடிகளுக்கும் இதே சோதனைதான்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? இப்படி உருவாகும் போலிக் கரடி பெரும்பாலும் ஒருமுறைதான் பதிவாகும். மறுபிடிப்பு விகிதம் (ஒரே கரடி மீண்டும் பதிவாகும் அளவு) சரியும், அதை வைத்து மதிப்பிடும் மொத்த எண்ணிக்கை வீங்கும். நலிந்துவரும் கூட்டத்தைச் செழிப்பாகக் காட்டுகிற பிழை இது, அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. மரபணு வேறுபாடு குறைந்த கூட்டத்தில் உடன்பிறந்த இரு கரடிகள் 8 லோகஸிலும் ஒத்துப்போகலாம். அந்த நிகழ்தகவைக் கணக்கிடுங்கள், 0.01-ஐத் தாண்டினால் லோகஸ்களைக் கூட்டுங்கள்.

பதில் 2 (முள்கம்பி):
பெருகாததற்குக் காரணம் களத்திலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், டிஎன்ஏ சிதையும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் இருட்டில் வையுங்கள். ஒரு மாத இடைவெளியும் அதிகம். வெயிலும் மழையும் வேரைக் கெடுத்துவிடும். 10 முதல் 14 நாளுக்குள் எடுங்கள்.

கம்பி தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில், தொய்யாமல் இருக்கட்டும். ஒரு முள்ளுக்கு ஓர் உறை. பக்கத்து முள்ளின் முடியைக் கலந்தால் இரண்டு கரடிகள் ஒன்றாகிவிடும், ஒரு லோகஸில் மூன்று அல்லீல் தெரிந்தால் அது பெரும்பாலும் இதனால்தான். எடுத்து முடித்ததும் முள்ளைத் தீயில் வாட்டிவிடுங்கள், இல்லையென்றால் மிச்ச முடி அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளும்.

கரடி முதுகு உரசும் மரங்களையும் சேருங்கள். 2004-இல் அமெரிக்காவின் வடமேற்கு மொன்டானாவில் வளையம், உரசு மரம் இரண்டையும் சேர்த்தே கிரிஸ்லி கரடிகளை 765 என மதிப்பிட்டார்கள்.

தடம்தேடி:
நன்றி. வேர் தெரியாத மெல்லிய அடிமயிர் மட்டும் இருந்தால்?

அல்லீல்:
தூக்கி எறிய வேண்டாம், டிஎன்ஏ பிரித்தெடுக்கும் குழாயில் முழு முடியாகவே 30 வரை போடுங்கள். தடித்த முடியாக இருந்தால் வேர்ப்பக்கம் 5 மி.மீ. வெட்டி, 10 வேர் போதும். தானாக உதிர்ந்த முடியில் வேர்ச்செல்கள் அநேகமாக இருக்காது. அதன் தண்டிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வழியே இனத்தைச் சொல்லலாம், எந்தக் கரடி என்று சொல்ல முடியாது. ஒன்றாகச் சோதிக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் முடியே போடாத ஒரு வெற்றுக் குழாயும் ஓடட்டும். அதில் பட்டை (டிஎன்ஏ பெருகியதன் அடையாளம்) தெரிந்தால் வெளி டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று பொருள், அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பச் செய்யுங்கள்.