சிறுநீரகக் கல் நோயாளியின் 24 மணி நேரச் சிறுநீர்: கேனில் கண்டவை

லேப் டெக்னீஷியன்

ரிப்போர்ட் வந்ததும் எல்லோர் கண்ணும் கல்லாகச் சேரும் கால்சியத்துக்கும் ஆக்சலேட்டுக்கும்தான் ஓடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின்; முழு நாள் சிறுநீரும் கேனுக்கு வந்ததா என்று அதுதான் காட்டும். ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராம், பெண்களுக்கு 15 முதல் 20 ஒரு நாளில் வெளியேற வேண்டும். 70 கிலோ ஆணின் கேனில் 1,400 முதல் 1,750 மில்லிகிராம் இருக்கும். 800தான் இருக்கிறது, ஆளும் தசை கரைந்து மெலிந்தவர் இல்லை என்றால், ஏறக்குறைய பாதி நாள் சிறுநீர் கேனுக்கு வரவே இல்லை. அந்தக் கேனில் கால்சியம் 150 என்று வந்ததை நார்மல் என்று நம்பி அனுப்பிவிட்டால், அடுத்த கல் வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2,200க்குப் போனால் பெரும்பாலும் தொடக்க நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்திருப்பார்கள். அதைக் கழிவறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தொல்லை அமிலம். கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகிக் கேனின் சுவரில் ஒட்டாமலிருக்க 6 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறோம். அதே அமிலத்தில் யூரிக் அமிலம் கரையாமல் செங்கல் பொடி மாதிரி அடியில் படிந்துவிடும். மேலாக ஊற்றி எடுத்தால் யூரிக் அமிலம் குறைவாகத்தான் வரும். சிறுநீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச்சும் பார்க்க முடியாது. அதனால் அமிலமில்லாத கேனில் பிடித்துக் குளிரில் வைத்து, அளவு குறித்து, நன்றாகக் குலுக்கி, லேபிலேயே மூன்றாகப் பிரிப்பதுதான் என் கணக்கில் சரி. ஒரு பங்கை அமிலமாக்கிச் சூடுபடுத்திக் கால்சியம், ஆக்சலேட், கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் ஆகியவற்றைப் பாருங்கள். இன்னொன்றைக் காரமாக்கிச் சூடுபடுத்தி யூரிக் அமிலம் பாருங்கள். மூன்றாவதைத் தொடாமல் பிஹெச்சுக்கு வையுங்கள். அமிலம் ஊற்றிய கேனையே கொடுத்தாக வேண்டுமென்றால், அதில் நேராகச் சிறுநீர் கழிக்கக் கூடாது, தனிக் குவளையில் பிடித்து ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். தோல் வெந்துவிடும்.

உயிர்வேதியியல் ஆய்வாளர்

மேலே சொன்னதோடு வைட்டமின் சி மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். அமிலம் சேர்க்காத சிறுநீரில் அஸ்கார்பிக் அமிலம் தானாகவே ஆக்சலேட்டாக மாறி எண்ணை ஏற்றும். ஆக்சலேட்டை ஆக்சலேட் ஆக்சிடேஸ் என்ற நொதியால் அளக்கும் முறையிலோ, கடைசியில் நிறம் தர வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை அதுவே தின்றுவிட்டு எண்ணை இறக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் ஆக்சலேட் சரியாக இருப்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. சேகரிப்புக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிறுநீரக மருத்துவர்

பிஹெச்சைப் பற்றி. 5.5ஐச் சுற்றி யூரிக் அமிலத்தில் பாதி கரைய மறுக்கும் வடிவில் இருக்கும். அதற்குக் கீழே போகப் போகக் கல்லாகும். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து 6.5க்குக் கொண்டுவந்தால் யூரிக் அமிலக் கல் கரையவே தொடங்கும். ஆனால் 7ஐத் தாண்ட விட்டால் கால்சியம் பாஸ்பேட் படியும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரத்தப் பொட்டாசியம் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடக் கூடாது.

பிஹெச் 8, சிட்ரேட் அடிமட்டம், அம்மோனியா நெடி மூன்றும் ஒன்றாக வந்தால் மருந்துச் சீட்டை எடுக்காதீர்கள். வெயிலில் கிடந்த கேனாக இருக்கலாம்; கிருமிகள் சிட்ரேட்டைத் தின்றிருக்கும். புதிய சிறுநீரிலும் பிஹெச் அப்படியே இருந்தால் புரோட்டியஸ் போன்ற, யூரியேஸ் என்ற நொதியுள்ள கிருமி உடலுக்குள்ளேயே இருக்கிறது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புங்கள். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் அந்த நொதியைத்தான் 1926இல் ஜேம்ஸ் சம்னர் படிகமாகப் பிரித்தார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி அது. அந்தக் கிருமியால் காரமேறிய சிறுநீரில் உருவாகும் தொற்றுக் கல்லுக்குச் சிட்ரேட் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய்.

உயிர்வேதியியல் ஆய்வாளர்

ஆக்சலேட் 40, 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது இரட்டிப்பாக வந்து, குடல் நோயும் இல்லையென்றால் உடலே ஆக்சலேட்டை அளவுக்கு மீறி உண்டாக்கும் பிறவிக் கோளாறைத் தேடுங்கள், அதுவும் குழந்தை என்றால் தாமதிக்காமல். அந்தக் கோளாறின் முதல் வகைக்கு 2020இல் லுமாசிரான் என்ற ஊசி மருந்து வந்திருக்கிறது. கல்லீரலில் கிளைகோலேட்டை மாற்றும் கிளைகோலேட் ஆக்சிடேஸ் என்ற நொதியின் உற்பத்தியைக் குறைத்து, ஆக்சலேட்டுக்கான மூலப்பொருளை அது முடக்குகிறது. ஊசி தொடங்கியபின் கிளைகோலேட் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மருந்து வேலை செய்வதால்தான் ஏறுகிறது. இரண்டாம் வகைக்கு இது உதவாது. மரபணுச் சோதனையில் வகை உறுதியாகாமல் தொடங்காதீர்கள்.