கிளட்ச் மிதியோடு வந்த எக்ஸ்ஜே-எஸ்

இரண்டு வருடம் தேடிய பிறகுதான் இந்தக் கார் கிடைத்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ், பன்னிரண்டு சிலிண்டர், கையால் கியர் மாற்றுவது. எக்ஸ்ஜே-எஸ் 1996 வரை தயாரானது, அதனால் அந்தப் பெயரில் கார் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் இந்தச் சேர்க்கை அபூர்வம். 1975 செப்டம்பரில் அறிமுகமானபோது ஜாகுவாரின் முந்தைய ஸ்போர்ட்ஸ் காரான இ-டைப்பின் கடைசி வரிசையில் இருந்த அதே நான்கு வேக கியர்பாக்ஸை இதற்கும் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஆட்டோமேட்டிக்கே கேட்டதால் 1979-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 1983-இல் கிளட்ச் மிதி திரும்பி வந்தது, ஆனால் ஆறு சிலிண்டர் 3.6 லிட்டர் எஞ்சினோடு. எனக்கு வேண்டியது அதுவல்ல.

இ-டைப்புக்குப் பின் வந்ததாலேயே இந்தக் காரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. பின்கண்ணாடிக்கு இருபுறமும் சரிந்து இறங்கும் அந்தத் தகட்டுத் தாங்கிகளைத்தான் முதலில் குறை சொல்வார்கள். நான் இந்தக் காரை விரும்பியதே அவற்றைப் பார்த்துத்தான்.

ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பதினோரு வருடம் ஓடாத கார். வைத்திருந்தவர் வயதானவர். கதவைத் திறந்துவிட்டு, “கிளட்சை மிதிச்சுப் பாருங்க தம்பி” என்றார். மிதித்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. கீழே உள்ள கிளட்ச் சிலிண்டரில் ரப்பர் போய் எண்ணெய் முழுவதும் வடிந்திருந்தது. அது சின்ன வேலைதான். எனக்கு இருந்த கவலை வேறு: இந்த மிதி தொழிற்சாலையிலிருந்தே வந்ததா, இல்லை பிறகு யாராவது வைத்ததா?

“ஐயா, முன்பணம் தருவதற்கு முன்னால் ஒரு காகிதம் வேண்டும்” என்றேன். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் பழைய தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து ஒரு சான்றிதழ் தருகிறது. சேசிஸ் எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், முதலில் அடித்த நிறம், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய தேதி எல்லாம் அதில் இருக்கும். வண்டி அவர் பெயரில் இருந்ததால் அவரையே விண்ணப்பிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார். காகிதம் வரும்வரை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பல ராத்திரி தூக்கமில்லை. வந்ததும் டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் மேலிருந்த அழுக்கைச் சுரண்டி எண்ணைப் படித்தேன். ஓர் இலக்கம் கூட மாறவில்லை. அன்றைக்கே பணம் கொடுத்தேன்.

சரி, இங்கே ஒரு தவறும் செய்தேன். கியர்பாக்ஸ் எண் பொருந்திய சந்தோஷத்தில் உடலைச் சரியாகச் சோதிக்கவில்லை. துணி சுற்றிய காந்தத்தை (பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது) வைத்துக் கதவு, மட்கார்டு எல்லாம் பார்த்தேன், எங்கும் ஒட்டியது. கீழ்ப்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால் தரைத்தகட்டில் ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரத்தை உடலோடு பிணைக்கும் கை) வந்து பொருந்தும் இடம்தான் இந்தக் காரின் பலவீனம். பின்பக்க சஸ்பென்ஷன் தரும் இழுப்பையும் தள்ளலையும் அந்தத் தகடுதான் தாங்க வேண்டும். சேறும் தண்ணீரும் தேங்குவதும் அங்கேதான். பெயிண்டை உரித்தபோது துருவின் மேல் தகடு, அதன் மேல் இன்னொரு தகடு, அதன் மேல் பட்டி என்று அடுக்கடுக்காக வந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களும் அதே கதைதான். முன்பு வேலை பார்த்தவர் துருவை வெட்டி எடுக்காமல் மூடியிருந்தார்.

டிங்கரிங், வெல்டிங், பெயிண்ட் என்று உடலுக்கு மட்டும் பதினான்கு மாதம் போனது. கிளட்ச் மிதிக்காக வாங்கிய காரில் என் நேரமும் பணமும் பெரும்பாலும் தகட்டுக்குத்தான் போயின. அதில் எனக்கு வருத்தம் இல்லை. புதுத் தகடு வைத்த இடங்களை எல்லாம் பெயிண்டுக்கு முன்னால் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்தக் காரை வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இனி கியர்பாக்ஸ். எஞ்சினிலும் வேலை இருந்ததால் இரண்டையும் சேர்த்தே வெளியே தூக்கினோம். பழைய எண்ணெயை வடித்தபோது அதில் பொன்னிறத் தூள் மினுமினுத்தது. பித்தளைத் தூள்! பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கியர் மாற்றும்போது பல்லும் ஷாஃப்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சின்க்ரோ வளையம் கியரின் கூம்பில் உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே பல்லைப் பொருந்த விடும். உரசல் இருந்தால்தான் அதற்கு வேலையே. வளையம் தேய்ந்தாலோ, எண்ணெய் வழுக்கல் அதிகமானாலோ உரசல் குறைந்து ‘கர்ர்’ என்று சத்தம் வரும். எங்களுடையதில் இரண்டாம் கியர் வளையம் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது.

உள்ளே இருந்தது ஜிஎல்-5 தர எண்ணெய் என்று பழைய ரசீதில் கண்டேன். அது டிஃபரென்ஷியல் பற்களுக்கு, அதாவது பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்களுக்கு, நல்லது. ஆனால் அந்த வகையில் சில எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடியது. வளையங்களையும் பேரிங்குகளையும் மாற்றி, அந்தச் சேர்மானம் குறைவாக உள்ள ஜிஎல்-4 ஊற்றி மூடினோம். பழைய கையியக்க கியர்பாக்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் எண்ணெய் டப்பாவின் பின்பக்கம் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

எஞ்சின் 5,343 சிசி, முழுக்க அலுமினியம். அது நன்றாகவே இருந்தது. இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வெப்பம் தேங்கும். எரிபொருள் ரப்பர் குழாய்கள் போவதும் அங்கேதான். காய்ந்து வெடித்த குழாயில் பெட்ரோல் கசிந்தால் கார் எரிந்துவிடும். அவை அத்தனையையும் யோசிக்காமல் மாற்றினேன். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்ப தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் எடைகள் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தன. அதனாலும் இந்த எஞ்சின் சூடேறும். ரேடியேட்டரை மாற்றியும் சூடு குறையவில்லை என்பவர்கள் அங்கே பாருங்கள்.

பின் பிரேக் டிஸ்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரென்ஷியலை ஒட்டி நடுவில் இருக்கின்றன. எண்ணெய் சீல் கசிந்தால் பிரேக்கும் நனையும். நாங்கள் இவையெல்லாம் அடங்கிய மொத்தக் கூண்டையும் இறக்கிச் செய்தோம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, முதுகு வலித்தது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருந்தீர்களே, அதை நான் செய்யவில்லை. நான் வாங்கியதும் எக்ஸ்ஜே-எஸ், மூன்று மிதி, நான்கு கியர். ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. எட்டு மாதம் கழித்து ஸ்டார்ட்டர் வயரிங்கைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆட்டோமேட்டிக் கார் ‘பார்க்’ அல்லது ‘நியூட்ரல்’ நிலையில் மட்டுமே ஸ்டார்ட் ஆக ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். என் காரில் அந்தச் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களையும் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தேடினால் எல்லாமே கண்ணில் பட்டது: மிதிகளைத் தாங்கும் பெட்டியில் புது வெல்டிங், கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் வெட்டி நீளம் மாற்றியிருந்தார்கள்.

மாற்றியது தவறில்லை. வேலையும் சுத்தமாகவே இருந்தது. ஆனால் தொழிற்சாலைக் கார் என்று சொல்லித்தான் அந்த விலை வாங்கினார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. காரின் மீது கோபமில்லை, வாராவாரம் ஓட்டுகிறேன். விற்கும் நாள் வந்தால் அந்த வயர்களை நானே காட்டித்தான் விற்பேன்.

*

உங்கள் இருவரையும் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். என்னுடையது டாட்சன் 240இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர் வரிசையாக, 2,393 சிசி, எடை ஏறக்குறைய ஒரு டன். சின்ன வயதில் 1973 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் சேகர் மேத்தா இந்தக் காரில் ஜெயித்த படம் ஒன்றைப் பார்த்தேன். சேறு அப்பிய அந்த நீண்ட மூக்கு மனதை விட்டுப் போகவே இல்லை.

துரு பற்றி அண்ணன் எழுதியதை அப்படியே என் காருக்கும் படிக்கலாம், இடம்தான் வேறு. பேட்டரி வைக்கும் தட்டில் அமிலம் சிந்தித் துளை விழும், தண்ணீர் அதன் வழியே இறங்கிக் கீழே உள்ள சட்டத்தைத் தின்னும். வாங்கப் போகிறவர் பேட்டரியைத் தூக்கிப் பார்க்காமல் பேசவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இரண்டு கார்புரேட்டர்களையும் சமன் செய்ததுதான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் காற்று நுழையும் வாயில் பிடித்தால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்கும். முன்னதிலும் பின்னதிலும் அந்த இரைச்சல் ஒன்றாகும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கருவி வாங்கியும் பார்த்தேன். கடைசியில் காதைத்தான் நம்பினேன். இரண்டு சத்தமும் ஒன்றான அந்த நொடியில் எஞ்சினின் நடுக்கம் அடங்கிப்போகும். அண்ணா, முதல் தடவை ஓட்டியதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே?

*

வேண்டுமென்றுதான் விட்டேன் தம்பி, எழுத வராது என்று. கேட்டதால் சொல்கிறேன்.

விடியற்காலை, சாலையில் யாரும் இல்லை. காரை விற்ற ஐயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கிளட்ச் கனமாக இருந்தது, ஆனால் கால் வைத்ததும் எதிர்த்து நின்றது. முதல் சில கிலோமீட்டர் எஞ்சின் சூடேறும்வரை மெதுவாகப் போனோம். கியர்பாக்ஸ் எண்ணெயும் சூடாகட்டும் என்று இரண்டாம் கியரைத் தொடாமல் முடிந்தவரை மூன்றிலேயே வைத்திருந்தேன். இந்த எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நடக்கும் வேகத்திலிருந்து கூட மூன்றில் இழுக்கிறது.

ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். தோளெல்லாம் இறுகிப்போய், அந்தக் ‘கர்ர்’ வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. லீவர் தானாக வழுக்கி உள்ளே போனது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, லீவர் மேல் இருந்த என் கையைத் தட்டிக்கொடுத்தார். திரும்பும்போது அவரை ஓட்டச் சொன்னேன். தயங்கினார். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கிளட்சில் கால் வைத்தார்.