வாடகையில் கரண்ட் அடக்கம் என்றார்கள். இப்போது பில் 3,700 ரூபாய். யார் கட்டுவது?

மாடிவீட்டுக்காரன்:
காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் எட்டு மாதமாகக் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார ஆச்சி தனியாக இருக்கிறார். வாடகை 8,500. "கரண்ட், தண்ணீர் எல்லாம் அதிலேயே அடக்கம்" என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். இதுவரை இரண்டு மாதத்துக்கு 320 யூனிட், சுமார் 800 ரூபாய் வரும். இந்த முறை 690 யூனிட், 3,700-ஐத் தாண்டிவிட்டது. "மாடியில் புதிதாக என்ன வாங்கினீர்கள்?" என்று ஆச்சி கேட்கிறார். எங்களிடம் ஏ.சி.கூடக் கிடையாது. ஒப்பந்தத்தில் கரண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முழுத் தொகையையும் நான் கட்ட வேண்டுமா? சண்டை போடவும் மனமில்லை. போன வாரம்தான் ஒரு தூக்கு நிறையக் கந்தரப்பம் கொடுத்தனுப்பினார்.

தேவகோட்டையான்:
அடக்கம் என்றால் அடக்கம்தான். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பழைய வயர்மேன்:
தம்பி, யார் கட்டுவது என்பது அப்புறம். யூனிட் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். பில் நாலு மடங்குக்கு மேல். காரணம், 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சலுகை விலை போய்விடும். 100 இலவச யூனிட்டும் ஒரு மீட்டருக்குத்தான். இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள்.

இன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு உங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு விளக்கு மின்னும். 3200 என்று அருகில் அச்சிட்டிருந்தால் 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு 53 முறை என்றால் ஒரு கிலோவாட் ஓடுகிறது என்று பொருள். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் அதில் கால் பங்குகூட வராது.

மாடிவீட்டுக்காரன்:
இரவு 11.30-க்கு டார்ச்சோடு போய் நின்றேன். எங்கள் மெயின் அணைந்திருந்தும் நிமிடத்துக்கு 58 முறை மின்னியது! திருடன் என்று நினைத்து எதிர்வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

பழைய வயர்மேன்:
அது மோட்டார்தான். போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டாராக இருந்தால் சத்தமே கேட்காது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் அளவு இழுக்கும். தினமும் ஆறு மணி நேரம் வீணாக ஓடினால் 60 நாளில் 360 யூனிட். உங்கள் பில்லில் கூடியது 370. மொட்டை மாடியில் தொட்டி வழிகிறதா பாருங்கள்.

வாடகை வழக்கு பார்த்தவன்:
ஒரு வார்த்தை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019-இல். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு என்பதற்காகக் கரண்டையோ தண்ணீரையோ வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம். தேவகோட்டையார் சொல்வதுபோல் வீம்பு பிடித்தால் வீடு மாற வேண்டிவரும்.

மாடிவீட்டுக்காரன்:
கண்டுபிடித்துவிட்டோம். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டிருந்தது. ஆச்சி படுக்கப் போகும்போது போட்டுவிட்டு, அதுவே நின்றுவிடும் என்று நம்பி, விடிகாலை ஐந்து மணிக்குத்தான் அணைப்பாராம். வழிந்த தண்ணீர் பின்கட்டுக் குழாய் வழியாக வாழைக்கன்றுகளுக்குப் போயிருக்கிறது. "இந்த வருஷம் வாழை நல்லா வருதேன்னு சந்தோஷப்பட்டேனே!" என்று ஆச்சி தலையில் கைவைத்துக்கொண்டார்.

பில்லை அவரே கட்டிவிட்டார். பாதி தருகிறேன் என்றதற்கு முறைத்தார். புது சுவிட்சின் செலவை மட்டும் நான் ஏற்றுக்கொண்டேன். மாடிக் கரண்டைத் தனியாக அளக்க ஒரு சப் மீட்டர் போட்டு, இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் வரை வாடகையில் அடக்கம், அதற்கு மேல் என் செலவு, மோட்டார் செலவு அவருடையது என்று புது ஒப்பந்தத்தில் எழுதப் போகிறோம். வயர்மேன் அண்ணனுக்கு முதல் வாழைத்தார்.