கோடை முகாமில் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாதது எது? பகிருங்கள்

வேலூர்க்காரன்:
திருவண்ணாமலைப் பக்கம் ஒரு முகாம், கத்திரி வெயில், நான் தன்னார்வலர். காலை 11.30 மணிக்குக் கபடி. பாடிப் போன பத்து வயதுப் பையன் எதிரணிக் களத்தின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். பிடிக்க வந்தவர்களைக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பெயர் என்னடா என்று கேட்டதற்குத் தன் தம்பியின் பெயரைச் சொன்னான். பிடரியில் கை வைத்தால் தோசைக்கல் போலச் சுட்டது. நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறினோம். 108 வந்து சேர்ந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொன்னான். பிழைத்துவிட்டான். அவன் நின்ற நேரத்தில் நான் சிரித்ததுதான் உறுத்துகிறது.

சேலத்து அம்மா:
எங்களுக்கு ஏற்காட்டில். மகளுக்கு வீசிங் உண்டு. விண்ணப்பத்தில் எழுதினேன், இன்ஹேலரையும் பையில் வைத்து அனுப்பினேன். போன அன்றே எல்லாப் பிள்ளைகளின் மருந்துகளையும் வாங்கி அலுவலக பீரோவில் பூட்டிவிட்டார்கள். இரவு 2 மணிக்கு அவளுக்கு மூச்சிரைப்பு. சாவி மேலாளரிடம், மேலாளரோ மலைக்குக் கீழே. வாட்ச்மேன் அண்ணன் கடப்பாரையால் பீரோவை நெம்பித் திறந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார். அந்த இரும்புச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்கிறாள் மகள். பீரோ உடைந்ததற்கு அவர் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கொடுத்த பணத்தையும் அவர் வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:
வேலூர்க்காரரே, தண்ணீர் ஊற்றியது சரி. கத்திரியில் 11.30 மணிக்குக் கபடி வைத்தது யார்? அதை விட்டுவிட்டுச் சிரித்ததற்கு வருந்துகிறீர்கள். விளையாட்டெல்லாம் காலை 9 மணிக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் மாலை வெயில் தாழ்ந்த பிறகு.

நான் பார்த்த முகாமில் வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள், நல்லவேளை. தயவுசெய்து எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: பெரிய பாக்கெட்டைக் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சமையல்காரருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், நின்ற பிறகும் 48 மணி நேரம் அவரைச் சமையல்கட்டில் விடக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

வேலூர்க்காரன்:
அம்மா, அட்டவணை போட்டது நான் இல்லை. விசில் ஊதியது நான்தான்.

விடுதிக் காப்பாளர்:
எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் முகாமில் பிள்ளைகளுக்குக் கட்டில், ஆயாம்மாவுக்கு வாசலோரம் பாய். இரவு கோடை மழை பெய்திருந்தது. விடியற்காலையில், "வயிறு வலிக்கிறது தம்பி" என்றார். சோடா வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "தூக்கம் இல்லை தம்பி, கண்ணுதான் திறக்கவில்லை" என்றார்.

உடம்பில் கடித்த தடம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தரையில் படுத்திருந்தாரா?" கட்டுவிரியன். தூங்குகிறவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாதாம். வயிற்று வலியும் இமை இறங்குவதும்தான் முதலில் தெரியுமாம். விஷமுறிவு மருந்து ஏற்றி, நான்கு நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தார்.

திரும்பி வந்து அந்த அறையைப் பார்த்தேன். மூன்று கட்டில்கள் காலியாகக் கிடந்தன. முதல் நாளிலிருந்தே காலியாகத்தான் கிடந்திருக்கின்றன.