ஸ்நார்க்கெலிங்: முக்குளிப்பு இல்லையென்றால் வேறு என்ன?

மடல் 1, நியூ ஜெர்சி

குழுவினருக்கு வணக்கம். ஸ்நார்க்கெலிங் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம்.

பிப்ரவரியில் அப்பா, அம்மா, அத்தை மூவரையும் அழைத்துக்கொண்டு கரீபியனில் அமெரிக்க ஆட்சியில் உள்ள செயின்ட் தாமஸ் தீவுக்குப் போகிறோம். அதில் ஒரு முழுநாள் பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில். அத்தைக்கு எதையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார். அதனால் அந்த நாளின் திட்டத்தை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன். காலை 7 மணிக்கு ரெட் ஹுக் துறையில் ஃபெர்ரி, இருபது நிமிடத்தில் குரூஸ் பே. அங்கிருந்து சஃபாரி டாக்சி, அதாவது பின்னால் பெஞ்சு போட்ட திறந்த வண்டி. டிரங்க் பே கடற்கரையில் முக்குளிப்பு. பதினொன்றரைக்கு மாஹோ பே, கையில் கொண்டுபோகும் புளியோதரை. இரண்டு மணிக்குப் படகுச் சவாரி, மறுபடி முக்குளிப்பு. இருட்டுவதற்குள் திரும்பும் ஃபெர்ரி.

அத்தை தாளை நாலாக மடித்து வைத்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்கடா, நான் கரையில பைய பாத்துக்கறேன். முக்குளிக்கற வயசா எனக்கு?"

யோசித்தால் தப்பு என்னுடையது. இதில் யாரும் முக்குளிப்பதே இல்லை. முகத்தில் கண்ணாடி, வாயில் குழல், தண்ணீர்மேல் குப்புற மிதந்துகொண்டு கீழே வேடிக்கை பார்ப்பது, அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டே செய்யலாம். டிரங்க் பேயில் 225 கெஜ நீளத்துக்கு நீரடித் தடம் ஒன்று இருக்கிறது; பவளம் பற்றியும் மீன்கள் பற்றியும் எழுதிய பலகைகள் கடலடியில் இருக்கின்றன, மிதந்தபடியே படிக்கலாம். அத்தைக்காகவே செய்த ஏற்பாடு மாதிரி. ஒரு சொல்லால் அதைக் கெடுத்துவிட்டேன்.

(பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: எதிரே கண்ணுக்குத் தெரிந்தாலும் அது வேறு ஆட்சி, குடிவரவுச் சோதனை தனி. மூவரும் இந்தியப் பாஸ்போர்ட். செயின்ட் தாமஸிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குத் திரும்பும்போதே விமான நிலையத்தில் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மடல் 2, பாம்பன்

தம்பி, உங்க அத்தை பயந்தது நியாயம்தான். எங்க பக்கம் பாசி எடுக்கப் போற பொம்பளைங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூச்சடக்கிக் கீழ போறாங்க. அதுக்குப் பேருதான் முக்குளிக்கிறது. சங்கு குளிக்கிறவங்க காலில தகடு கட்டிக்குவாங்க, ரப்பர் துடுப்புக்குப் பதிலா. முக்குளிப்பான்னு ஒரு குருவி கண்மாயில இருக்குமே, அதைப் பாருங்க: உள்ள போயி வேற எங்கயாவது வந்து தலையைத் தூக்கும். உள்ள போறதுதான் அந்தச் சொல்லோட உயிரே. மேல மிதக்கிறவனுக்கு அதைக் குடுக்காதீங்க.

மாஸ்க்குக்கு நாங்க கண்ணாடின்னுதான் சொல்றது. அதுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.

இன்னொண்ணு. பிப்ரவரின்னு போட்டிருக்கீங்க. அந்தக் கடற்கரை எந்தத் திசை பாத்திருக்கு? அந்த மாசத்துல அங்க அலை எப்படின்னு கேட்டுக்கிட்டீங்களா?

மடல் 3, ஸ்காபரோ

எங்கட பக்கத்தில முக்குளிக்கிறது எண்டு ஆரும் சொல்லமாட்டினம். சுழியோடுறது எண்டுதான் சொல்லுறது. பேப்பரிலயும் கடற்படைச் சுழியோடிகள் எண்டுதான் வரும். அதால "மேற்சுழியோடல்" எண்டு முதலில எழுதிப் பாத்தன், பிறகு நானே அழிச்சுப்போட்டன். கிணத்துக்க வாளி விழுந்தா ஆரையாவது இறக்கிச் சுழியோடி எடுக்கிறது. அடியில போய்த் தேடுற வேலை அது. மேலயிருந்து வடிவு பாக்கிறவனுக்குச் சரிவராது. முக்குளி, மூழ்கு, சுழியோடு, மூண்டும் ஆளைக் கீழ இழுக்கிற சொல்லுகள். வேற வேர் வேணும்.

மடல் 4, நியூ ஜெர்சி

பாம்பன் அண்ணன் கேட்ட கேள்வி என் திட்டத்தையே மாற்றிவிட்டது. டிரங்க் பே, மாஹோ பே இரண்டும் வடகரை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால் அங்கே காற்றே இல்லாமல் பெரிய அலை வந்து சேரும். தீவுக்காரர்கள் அதை "கிரவுண்ட் சீ" என்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் வடகரையில் இறங்கக் கூடாது; தெற்கே சால்ட் பாண்ட் பே போன்ற இடத்துக்குப் போக வேண்டும், அல்லது நாளைத் தள்ளிப்போட வேண்டும். படித்ததும் நம் தென்கரையில் சொல்லும் கள்ளக்கடல்தான் ஞாபகம் வந்தது. அதுவும் தூரத்துப் புயலின் அலை, உள்ளூரில் காற்று இருக்காது. "கிரவுண்ட் சீ"யைத் தாளில் கள்ளக்கடல் என்றே எழுதிவிட்டேன். அப்பா நாகர்கோவில்காரர், விளக்கமே கேட்கவில்லை.

சொல்லுக்கு வருகிறேன். ஸ்நார்க்கெல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் மேலே வராமலே காற்று இழுக்க வைத்த குழாய்க்கு அந்நாட்டுக் கடற்படையினர் வைத்த செல்லப்பெயர். மூக்கு, மூஞ்சி என்ற பொருள், குறட்டை விடுவதற்கான சொல்லோடு உறவு. ஆக, உலகம் முழுக்கப் பெரிதாகப் பேசும் சொல் உண்மையில் "குறட்டைக் குழாய்". நாமும் ரொம்பக் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லவே இதை எழுதினேன்.

இப்போதைக்கு என் பக்கம்: மூச்சுக்குழல், மூச்சுக்குழல் நீச்சல்.

மடல் 5, கோவை

மருத்துவர் என்ற முறையில் கைகூப்பிக் கேட்கிறேன், மூச்சுக்குழல் வேண்டாம். பள்ளிப் பாடநூலில் தொண்டைக்குக் கீழே இருக்கும் உறுப்பின் பெயர் அது. "மூச்சுக்குழலில் தண்ணீர் புகுந்தால் ஊதித் தள்ளவும்" என்று உங்கள் தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் அத்தை கரைக்குக்கூட வரமாட்டார்.

குழல் ஏன் குட்டையாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வைக்க உதவலாம். சராசரியாக ஒன்றேகால் அடி. நீளமாக வைத்தால் இன்னும் ஆழத்தில் மிதக்கலாமே என்று தோன்றும். முடியாது. நெஞ்சின்மேல் நீரின் அழுத்தம், நுரையீரலுக்குள் மேலிருக்கும் சாதாரணக் காற்று. இரண்டு மூன்று அடி இறங்கினாலே விலா விரிய மறுக்கும். அதோடு நாம் விட்ட பழைய மூச்சு குழலிலேயே தங்கி, அதையே திரும்ப இழுப்போம். ஆக இந்தக் கருவி மேற்பரப்புக்காகவே பிறந்தது.

உங்கள் அப்பாவுக்கு மீசை உண்டா? மீசை வழியாகக் கண்ணாடிக்குள் நீர் கசியும். வாசலின் தடவச் சொல்லுங்கள்.

மடல் 6, சிதம்பரம்

அன்புடையீர், மருத்துவர் ஐயாவின் மடலைப் படித்தபின் எழுதுகிறேன். மனிதனால் நீண்ட குழலில் மூச்சு விட முடியாது என்றார். ஆனால் முடிந்த ஒரு விலங்கு நம்மிடம் இருக்கிறது. யானை ஆற்றைக் கடக்கையில் உடல் முழுதும் அமிழ, துதிக்கையை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடும். இந்தக் குழலின் முதல் உருவம் அதுவே.

மலைபடுகடாமின் தொடக்கத்தில் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் வரிசையில் "களிற்றுயிர்த் தூம்பு" வருகிறது. யானை மூச்சு விடுவதை நினைவூட்டும் நெடிய ஊதுகருவி. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்று இன்றும் எழுதுகிறோம். தூம்பு என்பது உள்ளே துளையுள்ள குழாய். களிற்றை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டால் உயிர்த்தூம்பு. கருவிக்கு அது, செயலுக்கு தூம்புநீச்சல். உறுப்பின் பெயரோடு மோதாது, ஆளைக் கீழே இழுக்காது.

ஊரின் பெயரும் டிரங்க் பே, துதிக்கை விரிகுடா! தற்செயல் எனினும் மகிழ்ந்தேன்.

மடல் 7, கோவை

ஐயா, அருமை. யானையால் அது முடிவதற்குக் காரணமும் உண்டு: நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச்சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி, யானைக்கு அங்கே இடைவெளியே இல்லாமல் இணைப்புத் திசு இறுகப் பிடித்திருக்கிறது. அழுத்தத்தைத் தாங்கும். என் ஓட்டு தூம்புக்கு.

மடல் 8, புதுச்சேரி

என் ஓட்டு தூம்புக்கு இல்லை. தூம்பு என்றதும் எனக்கு ஏரி மதகும் சாக்கடை வாயும்தான் கண்ணில் வருகின்றன. "வாயில் தூம்பை வைத்துக்கொள்ளவும்" என்று எந்த அத்தையிடம் சொல்வீர்கள்?

இன்னொரு கேள்வி. குழாயிலிருந்துதான் பெயர் எடுக்க வேண்டுமா? பிரெஞ்சில் குழல் என்பது வெறும் "தியுபா". செயலுக்கு அவர்கள் சொல்வது "ராந்தொனே பால்மே": காலில் துடுப்பு மாட்டிய நடைப்பயணம். கொலம்பியாவின் கரீபியன் கரையில் முகக்கண்ணாடியை வைத்து "கரெத்தெயார்" என்கிறார்கள். ஒருவர் காலைப் பார்த்தார், ஒருவர் முகத்தைப் பார்த்தார். நாம் ஏன் ஜெர்மன்காரர் பார்த்த மூக்கையே பார்க்க வேண்டும்? என் பரிந்துரை மிதவைக்காட்சி. கொஞ்சம் சினிமாக் கொட்டகை வாடை அடிக்கிறது, தெரியும்.

பிற்பகல் படகை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்? அங்கே சவாரிக்கு வருவது பெரும்பாலும் கேட்டமரன். தயவுசெய்து கட்டுமரம் என்று எழுதிவிடாதீர்கள். சொல் நம்முடையதுதான், ஆனால் பொருள் போன இடத்தில் மாறிவிட்டது. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தட்டையான மிதப்பு, தண்ணீர் உள்ளே வந்து போகும். கேட்டமரன் என்பது இரண்டு தனி உடல்களை நடுவே தளம் போட்டு இணைத்த பாய்மரப் படகு. கட்டுமரம் என்று படித்துவிட்டு உங்கள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நிற்கப் போகிறார். "இரட்டைப் படகு" போதும்.

மடல் 9, பாம்பன்

புதுச்சேரி அக்கா சொல்றது படகு விஷயத்துல நூத்துக்கு நூறு. தூம்பு விஷயத்துல நான் சிதம்பரம் ஐயா பக்கம். சாக்கடைக்கும் குழாய்னுதான் சொல்றோம், குழாய்த் தண்ணிய குடிக்கலையா?

மடல் 10, நியூ ஜெர்சி

போய்விட்டு வந்துவிட்டோம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதல் இரண்டு நாளும் கள்ளக்கடல். பயணத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினோம். ஏழு மணி ஃபெர்ரியைப் பிடித்ததால் டிரங்க் பேயில் கூட்டம் சேருவதற்குள் இறங்க முடிந்தது. நுழைவுக் கட்டணம் தலைக்கு 5 டாலர். வெயிலுக்குப் பூசும் களிம்பு விஷயத்தில் கவனம்: பவளத்துக்குக் கேடு என்று மூன்று வேதிப்பொருள்களுக்கு, ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரிலீன், 2020 முதல் அங்கே தடை. துத்தநாக ஆக்சைடு களிம்புதான் வாங்கினோம். பூசியதும் அப்பா திருநீற்றுக் காப்பு போட்ட மாதிரி ஆகிவிட்டார். மீசையில் வாசலின் தடவியும் கொஞ்சம் கசிந்தது. பத்து நிமிடத்துக்கொரு தடவை நின்று கண்ணாடியைக் கவிழ்த்தார். மீசையை எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

அத்தைக்குத் தாளைத் திருத்திக் கொடுத்திருந்தேன். "தூம்புநீச்சல்: தண்ணீர்மேல் மிதந்தபடி கீழே பார்ப்பது. மூழ்க வேண்டாம்." சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; "மூழ்க வேண்டாம்" என்பதைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை வைத்தவர், உடனே தூக்கிவிட்டார். மூக்கால் மூச்சு விடப் பார்த்திருக்கிறார். இரண்டாம் தடவை வாயால் விட்டார். மூன்றாம் தடவை என் கையை விட்டுவிட்டார். பலகைகளை ஒன்றுவிடாமல் படிக்க முயன்றார், ஆங்கிலம் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். "எவனோ அப்பளம் நொறுக்கறாண்டா" என்றார் மேலே வந்து.

மாஹோ பேயில் கடற்புல் மேயும் பேராமை ஒன்று அவருக்கு நாலடி தள்ளி எழுந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பப் போனது. இனி ஊரில் எல்லோருக்கும் ஆமைக் கதைதான்.

சிதம்பரம் ஐயாவுக்கு ஒரு சிறு ஏமாற்றம்: டிரங்க் பேயின் டிரங்க், துதிக்கை இல்லை. ஏழுவரி ஆமைக்கு அந்தத் தீவுகளில் டிரங்க் என்று பெயர். அதன் பெயரால் வந்த விரிகுடா.

எப்படியோ, கருவிக்கு உயிர்த்தூம்பு, செயலுக்குத் தூம்புநீச்சல் என்று நம் சொற்பட்டியலில் ஏற்றலாம் என்பது என் முடிவு. புதுச்சேரி அக்காவின் மறுப்பையும் பக்கத்திலேயே எழுதிவிடுவோம். ஆனால் எங்கள் வீட்டில் வழங்கும் சொல் வேறு. திரும்பும் ஃபெர்ரியில் சென்னைக்குப் போன் போட்ட அத்தை, தன் தங்கையிடம் சொன்னது: "கடல்ல படுத்துப் பாத்தேண்டி." இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நாளைக்குப் படுத்துப் பார்க்கப் போகலாமா என்று கேட்டால் போதும்.

அடுத்த சொல்லையும் கேட்டுவிடுகிறேன். அந்தத் தீவின் தேசியப் பூங்காக் கடலில் பவளத்தின்மேல் நங்கூரம் போடக் கூடாது. அடியில் பதித்து, மேலே மிதக்க விட்டிருக்கும் உருண்டையில்தான் கயிறு மாட்ட வேண்டும். இரட்டைப் படகுக்காரர் கொக்கியால் அதை இழுத்துக் கட்டியபோது அம்மா சொன்னார், "மாட்டுக்கு முளை அடிச்ச மாதிரி." முளைமிதவை என்று எழுதலாமா? பாம்பன் அண்ணன், அங்கே இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதா?